ராத்திரி காரில் பிள்ளைகளோடு போகிறீர்களா?

கிளம்பும் முன் டயரில் காற்று, பெட்ரோல், ஹெட்லைட் எல்லாம் பார்ப்போம். பிள்ளை எப்படியும் பின் சீட்டில் தூங்கிவிடும் என்று விட்டுவிடுவோம். தூங்கும்தான். ஆனால் நடுவில் விழித்துக்கொள்ளும். அப்போது வெளியே கும்மிருட்டு, பெரியவர்கள் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்துக்குத்தான் தயாராக வேண்டும்.

முதல் வேலை, வண்டிக்குள் எரியும் விளக்கை அணைப்பது. உள்ளே வெளிச்சமும் வெளியே இருட்டும் இருந்தால் ஜன்னலில் வெளியே இருப்பது தெரியாது, உள்ளே இருப்பதுதான் தெரியும். எனக்கு ஏழு வயது இருக்கும்போது, வழி பார்க்க அப்பா உள்விளக்கைப் போட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பினால், வெளியே ஒரு பெண் வாயைப் பிளந்தபடி வண்டியோடு கூடவே வருகிறாள். கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. விளக்கு அணைந்ததும் அவளும் போய்விட்டாள், அதுதான் இன்னும் மோசம். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் முகம்தான் அது என்று பிடிபட எனக்கு வருஷங்கள் ஆயின. "சும்மா படு" என்றார்களே தவிர, என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

அதனால், கிளம்புவதற்கு முன்பே வண்டியை நிறுத்தி வைத்து விளக்கைப் போட்டு அணைத்துக் காட்டுங்கள். பிள்ளை கண்ணாடியைப் பார்த்துக் கையாட்டட்டும். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தைச் சுற்றி மறைத்துக்கொண்டு கண்ணாடியோடு ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே இருப்பது தெரிய ஆரம்பிக்கும். இது ஒரு விளையாட்டாகிவிட்டால் பாதிப் பயம் போச்சு.

ரோட்டோரம் பச்சையாக மின்னும் கண்களையும் சொல்லி வையுங்கள். நாய், பூனை, மாடு, மான் இவற்றுக்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. மனிதருக்கு அது கிடையாது. "அது ஏதோ பிராணி, நம் வெளிச்சத்தைப் பார்க்கிறது" என்றாலே போதும்.

மூடுபனி வந்தால் ஹைபீம் வேண்டாம். பனித்துளிகளில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி, முன்னால் வெள்ளைச் சுவர்போல நிற்கும். லோபீமில் மெதுவாகப் போங்கள். ஏன் மெதுவாகப் போகிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓட்டுபவர் திடீரென்று பேச்சை நிறுத்தினால் பின் சீட்டுக்கு உடனே தெரிந்துவிடும்.

வண்டி பழுதாகி நின்றால் முடிந்தவரை ஓரம் கட்டி, நான்கு இண்டிகேட்டரும் மின்னுகிற ஹசார்டு விளக்கைப் போடுங்கள். வேகமாக வண்டிகள் போகும் சாலை என்றால், பயப்படுகிறதே என்று பிள்ளையை உள்ளேயே வைத்திருக்காதீர்கள். போக்குவரத்து இல்லாத பக்கக் கதவு வழியாக எல்லோரும் இறங்கி, சாலையோரத் தடுப்புக்கு அப்பால், வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். போனில் உதவி கிடைக்கும் என்றால் யாரும் தனியாக இருட்டுக்குள் போக வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால், எங்கே போகிறேன், உன்னோடு யார் இருப்பார் என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். சின்னப் பிள்ளைக்குப் பத்து நிமிஷம் என்றால் ஒன்றும் புரியாது. "இந்தப் பாட்டை மூன்று தடவை பாடி முடிப்பதற்குள் வந்துவிடுவேன்" என்றால் புரியும். சொன்னபடி வர முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள்.

ஓட்டுபவருக்குக் கண் சொக்கினால், முக்கியமாக நள்ளிரவு தாண்டி விடிவதற்குள், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிஷம் தூங்குவதுதான் வழி. பாட்டுச் சத்தமும் ஜன்னல் காற்றும் அதற்கு ஈடாகாது.

மறுநாள், பிள்ளை தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, "ராத்திரி என்னென்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். பயந்தாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். வாரக்கணக்கில் தூக்கத்தில் அலறினாலோ, காரில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.