பட்டாளத்துத் தாத்தாவைத் தேட

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பமா? முதல் உலகப்போருக்குப் போன பூட்டனார் பதக்கம் டிரங்குப் பெட்டியில் கிடந்தால், புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ராஜா தலையை விடுங்கள். விளிம்பைச் சாய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். படை எண், பெயர், படைப்பிரிவு பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். எண்தான் முக்கியம், ஊருக்குப் பத்து கருப்பன் இருப்பார்களே!

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். சில பதிவுகளில் தகப்பனார் பெயர், ஊர்கூட உண்டு. பெயரை நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள், வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பியவரா? சரி, டிஸ்சார்ஜ் சான்றிதழைத் தேடுங்கள். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் பக்கம் வெலிங்டனிலும், சாப்பர்ஸ் (பாலம், பாதை போடும் பொறியாளர் படை) என்றால் பெங்களூரிலும் இருக்கும் படையின் பதிவு அலுவலகத்துக்குப் படை எண்ணோடு எழுதிக் கேட்கலாம்.