அது டிஸ்கோ காலத்து சமிக்கி இல்லம்மா: பழைய டான்ஸ் டிரஸ்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் ஒரு பொண்ணு போட்டோ அனுப்பி, "அக்கா, லைட்டா ஸ்டீமர்தான் காட்டினேன், சமிக்கி எல்லாம் சுருண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, ஹேர் டிரையர் போட்டா சரியாகுமா"ன்னு கேட்டா. போட்டோவ பாத்ததும் எனக்கு வயித்த பிசைஞ்சுது. ஏன்னா இதே கூத்த நான் 11 வருஷம் முன்னாடி நியூஜெர்சில எங்க வீட்டு பாத்டப்ல நடத்தியிருக்கேன்.

நான் 1970கள் டான்ஸ் டிரஸ் வாங்கி, தச்சு சரி பண்ணி, வாடகைக்கு விடறவ. சைஸ் நம்பர நம்பாதீங்க, அக்குள்ல கிழிஞ்சிருக்கான்னு பாருங்க, இதெல்லாம் எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் திரும்ப சொல்லப் போறதில்ல.

"அம்மா டிஸ்கோக்கு போட்டது" அப்படிங்கற கதைய நம்பி துவைக்கறது

புரூக்ளின்ல ஒரு வீட்ட காலி பண்ணி சாமான் வித்துக்கிட்டு இருந்தாங்க. கருப்பு கிரேப் துணில முழுக்க வெண்கல கலர் சமிக்கி வச்ச குட்டி ஜாக்கெட். விக்கற அம்மா, "எங்கம்மா 1978ல டிஸ்கோக்கு போட்டது"ன்னு சொல்லி போட்டோவே காட்டினாங்க, அதே ஜாக்கெட், பின்னாடி கலர் லைட்டு, கையில கிளாஸ். போட்டோவே இருக்கே, இதுக்கு மேல என்ன வேணும்னு 140 டாலர் குடுத்து வாங்கிட்டு வந்தேன். 1978னா பிளாஸ்டிக் சமிக்கிதான, வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் சோப்பு போட்டு ஊற வச்சேன். டீ போட்டு குடிச்சிட்டு வந்து பாத்தா தண்ணி டிகாஷன் கலர்ல இருக்கு, கைய விட்டா ஊறின ஜவ்வரிசி மாதிரி கொழகொழன்னு விரல்ல ஒட்டுது. பதறிப்போய் வெளிய எடுத்து கொடில போட்டேன், காஞ்சப்புறம் வறுத்த அப்பளம் மாதிரி வெறச்சு நின்னுது, மடக்கினா நொறுங்குது.

அந்த அம்மா பொய் சொல்லல, 1978ல போட்டது நெஜம்தான். ஆனா தச்சது 1930கள்ல! அப்ப சமிக்கிய ஜெலட்டின்லயும் பண்ணாங்க, அதாவது ஜெல்லி பண்றோமே அதே சரக்கு. தண்ணி பட்டா கரையும், சூடு பட்டா சுருளும், ஆடறவங்க உடம்பு வேர்வைக்கே இளகி ஒட்டிக்கும்.

இங்கதான் புதுசா வர்றவங்க எல்லாரும் வழுக்கறாங்க. டிஸ்கோ காலம்னா எல்லாம் பளபள பாலியஸ்டர்னு ஒரு நெனப்பு, ஆனா அந்த காலத்து ஆளுங்களே பழைய துணிக்கு அலைஞ்சவங்க. 1971ல ஃபிரெஞ்சு டிசைனர் ஈவ் சான் லோரான் 1940கள் ஸ்டைல்ல ஒரு கலெக்‌ஷன் காட்டினப்ப பாரிஸ் பத்திரிகைங்க கிழி கிழின்னு கிழிச்சுது, ஆனா இளவட்டம் அதைத்தான் புடிச்சுக்கிட்டு பாட்டிங்க அலமாரியையும் பழைய துணிக்கடையையும் கொடைய ஆரம்பிச்சது. லண்டன்ல பிபாங்கற துணிக்கடை முழுக்க முப்பதுகள் மயக்கம். நியூயார்க்ல ஸ்டூடியோ 54ங்கற டிஸ்கோ கிளப் தெறந்தது 1977 ஏப்ரல்ல, அங்க ரோலரீனான்னு ஒரு ஆளு பழைய கவுன போட்டுக்கிட்டு, கையில மந்திரக்கோலோட ஸ்கேட்டிங் பண்ணிக்கிட்டு சுத்துவார். அமெரிக்க டிசைனர் ஹால்ஸ்டன் துணிய மூலைவாட்டா வெட்டி தச்ச அந்த வழுக்குற கவுன் இருக்கே, அந்த பயாஸ் கட்ல 1930கள்லயே கொடிகட்டினவங்க பாரிஸ் டிசைனர் மேடலின் வியோனே. அதனால தூரத்துலேந்து பாத்தா முப்பதுகளோடதும் எழுபதுகளோடதும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும், போட்டோவ வச்சு எப்ப போட்டாங்கன்னுதான் தெரியும், எப்ப தச்சாங்கன்னு தெரியாது.

அப்ப என்ன பாக்கணும்னா, உள்பக்கத்த பாக்கணும். அமெரிக்காவுல 1972 ஜூலைலேந்து துணியில சலவை லேபிள் கட்டாயம், அது கம்பெனி தச்ச லேபிளா இருந்தா ஓரளவு நிம்மதி. பொம்பளைங்க துணி தைக்கறவங்களோட யூனியன் லேபிள் சிவப்பு வெள்ளை நீலம்னு மூணு கலர்ல வந்தது 1974ல, அதுக்கு முன்னாடி தச்சதுல அந்த மாடல் இருக்க வாய்ப்பில்ல. விலாவுல டிச் பட்டனோ மெட்டல் ஜிப்போ இருந்தா உஷாராகணும், முதுகுல நைலான் ஜிப்னா எழுபதுகளா இருக்கலாம், ஆனா எவனாவது ஜிப்ப மாத்தியிருப்பான், அதனால ஜிப்ப மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க (நான் பண்ணியிருக்கேன், அது தனி அழுகை).

எல்லாத்துக்கும் மேல ஒரே ஒரு சமிக்கி. உள்மடிப்புல கண்ணுக்கு தெரியாத எடத்துலேந்து ஒண்ண கத்தரிச்சு, ஒரு டம்ளர் வெந்நீர்ல போட்டு கொஞ்ச நேரம் விடுங்க. அப்படியே கெடந்தா பிளாஸ்டிக். கொழகொழத்தாலோ காணாம போனாலோ ஜெலட்டின், அதுக்கப்புறம் அந்த டிரஸ்ஸுக்கு தண்ணியும் கெடையாது ஸ்டீமரும் கெடையாது. வேக்குவம் கிளீனர் வாயில நெட் துணிய கட்டி, இழுவைய கம்மியா வச்சு தூசிய மட்டும் எடுங்க, போதும். ஒரு சமிக்கியோட போயிருக்க வேண்டிய விஷயம், எனக்கு 140 டாலர். பணம் கூட பரவால்ல, நாப்பது வருஷம் தாங்கி, டிஸ்கோலயும் ஆடி, அதுக்கப்புறமும் ஒரு முப்பத்தஞ்சு வருஷம் அலமாரில பொழச்சத நான் ஒரு டீ குடிக்கற நேரத்துல கொன்னுட்டேன், அதான் இன்னும் ஆறல.

நெட் பாவாடை எல்லாம் டூட்டூ இல்ல

டூட்டூன்னா பாலே ஆடறவங்க மேடைல போடற, வெறச்சு நிக்கற பாவாடை வச்ச டிரஸ். எலாஸ்டிக்ல நெட்ட கோத்து "டிஸ்கோ டூட்டூ"ன்னு விக்கறத வாங்கிட்டு வராதீங்க. தட்டு மாதிரி நிக்கற நெஜ டூட்டூவுல பத்து பன்னெண்டு அடுக்கு நெட்ட ஒரு ஜட்டி மேல வரிசையா தச்சு, நடுவுல ஒரு அடுக்குல கம்பி வளையம் கோத்து, அடுக்குங்க பிரியாம உள்ள தளர்வா தையல் போட்டு புடிச்சிருப்பாங்க. கம்பி இல்லாமலும் உண்டு, 1950ல நியூயார்க் சிட்டி பாலே கம்பெனிக்கு காஸ்ட்யூம் டிசைனர் கரின்ஸ்கா தச்சது அப்படித்தான், சின்ன சின்ன அடுக்கா, பவுடர் பஃப் மாதிரி.

அப்புறம் டிஸ்கோ தளத்துக்கு பாலே பெருசா வந்தது டூட்டூ வழியா இல்ல, லியோடார்ட் வழியா, அதாவது உடம்போட ஒட்டிக்கிட்டு நிக்கற ஒரே பீஸ் டான்ஸ் டிரஸ். டான்ஸ்கின், கபேசியோன்னு டான்ஸ் கிளாஸ் துணி பண்ற கம்பெனிங்களோட லியோடார்ட் மேல ஒரு சுத்துப் பாவாடைய கட்டிக்கிட்டு நேரா டிஸ்கோக்கு போனாங்க. கூட்டத்துல தட்டு டூட்டூ போட்டு ஆடினா நாலு பேர் கிளாஸ தட்டி விடணும், யோசிச்சு பாருங்க. அந்த காலத்து நியூயார்க் டூட்டூன்னா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது 1974ல ஆரம்பிச்ச ட்ரொக்கடெரோ குழு, ஆம்பளைங்களே டூட்டூவும், கால் விரல் நுனில நிக்கறதுக்கான பாயிண்ட் ஷூவும் போட்டு ஆடற பாலே கம்பெனி, இன்னும் ஆடறாங்க.

டூட்டூவ தோள்பட்டைல தொங்க விடறது

தலகீழா தொங்க விடுங்க. இல்ல தட்டையா படுக்க வைங்க.

டூட்டூவ நனைக்கறது

இப்ப வர்றது நைலான் நெட். ரொம்ப பழசுல டார்லட்டன் இருக்கும், அது கஞ்சி ஏத்தின பருத்தி வலை, அவ்வளவுதான். கஞ்சி போட்ட காட்டன் புடவைய தண்ணில போட்டா என்ன ஆகும்னு நம்ம ஊர்ல சின்ன புள்ளைக்கும் தெரியும், ஆனா ஃபிரெஞ்சு பேர கேட்டதும் அந்த அறிவு எங்க போகுதோ. மேல் பாடில வேர்வை நாத்தம்னா நாடகக் கம்பெனி ஆளுங்க மலிவு வோட்காவ ஸ்பிரே பாட்டில்ல ஊத்தி உள்பக்கமா அடிச்சு காய விடுவாங்க. நானும் அதான். மொதல்ல ஒரு மூலைல அடிச்சு சாயம் போகுதான்னு பாருங்க, ஜெலட்டின் சமிக்கி இருந்தா அதுவும் கூடாது, வோட்காவுலயும் பாதிக்கு மேல தண்ணிதான்.

பழைய லியோடார்ட்ட இழுத்து பாக்கறது

நொறநொறன்னு சத்தம் கேட்டா உள்ள இருக்கற ஸ்பாண்டெக்ஸ், அதாவது இழுபடற நூல், செத்துப் போச்சு. வாங்காதீங்க.

ஜரிகை மேல இஸ்திரி

டிஸ்கோ டிரஸ்ல ஜரிகை மாதிரி மின்னற லூரெக்ஸ் நூல் பிளாஸ்டிக். உருகும்.

ஜெலட்டின் சமிக்கிய ஏற்கனவே நனைச்சிட்டீங்கன்னா

இழுக்காதீங்க, புழியாதீங்க, மடிக்காதீங்க, சூடு எந்த ரூபத்துலயும் வேண்டாம். தட்டையா விரிச்சு, ஃபேன் காத்துல விட்டு, காஞ்சதும் மேல பட்டர் பேப்பர் வச்சு பெட்டில போடுங்க. கரைஞ்சது கரைஞ்சதுதான், வராது. என் ஜாக்கெட்ல பொழச்சது பட்டு லைனிங் மட்டும், அத பிரிச்சு வேற ஒரு ஜாக்கெட்டுக்கு போட்டு வாடகைக்கு விட்டுட்டு இருக்கேன். ஹேர் டிரையர் கேட்ட பொண்ணுக்கு இன்னும் பதில் போடல, எப்படி சொல்றதுன்னு தெரியல.