பில்லிங் மென்பொருளிலிருந்து கேம் பக்கம்

காரைக்குடியில் உட்கார்ந்து பில்லிங், ஸ்டாக் கணக்கு மென்பொருள் எழுதுகிறவரா? வீடியோ கேம் உருவாக்கும் வேலைக்கு மாற ஆசையா? சரி, இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு சின்ன கேமை முழுசாக முடியுங்கள். வீட்டில் அப்பத்தாவின் பல்லாங்குழி இருக்குமே, அதுவே போதும்: 14 குழி, கொஞ்சம் சோழி. கேம் செய்யும் மென்பொருளுக்கு, சி ஷார்ப் மொழி தெரிந்தால் யூனிட்டி, முழுக்க இலவசமாக வேண்டுமென்றால் கோடோ.

பில் வர அரை விநாடி தாமதமானால் கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். கேமில் விநாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) ஓட வேண்டுமென்றால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிவிநாடிதான். நம் பழைய பழக்கம் இடிப்பது இங்கேதான். அப்புறம், சோழி விழும் சத்தத்தை மறக்காதீர்கள். முடித்ததும், கேம்களை வெளியிடும் இட்ச் இணையதளத்தில் ஏற்றி, லிங்க்கை ரெஸ்யூமேயில் மேலேயே போடுங்கள்.