மைக்கில் சொன்னது மன்றுக்கும் வரும்

இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிலிருந்தோ குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலிருந்தோ ஓர் அரசியல்வாதிக்கு அழைப்பு வந்தால், யாழ்ப்பாணத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று பின்னேரமே ஊடகவியலாளர் சந்திப்பு. "இது அரசியல் பழிவாங்கல். அந்தக் காசை நான் தொடவே இல்லை, கையெழுத்துப் போட்டது செயலாளர்தான்" என்று இருபது நிமிடம் பேச்சு. சட்டத்தரணியிடம் போவது அடுத்த நாள். தவறு இந்த வரிசையிலேயே தொடங்கிவிடுகிறது.

அந்த ஒரு வசனத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கையெழுத்துப் போட்டவர் யார் என்று சொல்லும்போதே, அந்தக் கோப்பு தனக்குத் தெரியும் என்று அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு "எனக்கு அந்தக் கொடுப்பனவு பற்றித் தெரியவே தெரியாது" என்பதுதான் சட்டத்தரணி எடுக்க விரும்பும் வாதமாக இருந்தால், அதற்குக் கதவு மூடிவிட்டது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை வழக்கில் எதிராக நிரூபிக்க முடியாது என்று 25ஆம் பிரிவில் சொல்கிறது. (பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்தக் காப்பை எப்படிப் பறித்தது என்பதை எங்கள் ஊருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.) கமராவுக்கு முன்னால் தானாக விரும்பிச் சொன்ன சொல்லுக்கோ அந்தக் காப்பு கிடையாது. ஒலி, ஒளிப்பதிவுகளைச் சாட்சியமாகக் கொண்டுவர 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. யூடியூப்பில் இருந்து காணொளியை நீக்கினாலும் யாரோ ஒருவரின் தொலைபேசியில் அது இருக்கும்.

மக்கள் மனதை வெல்வதும் வழக்கை வெல்வதும் வேறு வேறு என்பதற்கு அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டனின் கதையை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1998 ஜனவரி 17 அன்று சத்தியத்தின் பேரில் சாட்சியமளித்தபோது, வெள்ளை மாளிகையில் பயிலுநராக இருந்த மோனிகா லெவின்ஸ்கியுடனான உறவை மறுத்தார். ஒன்பது நாள் கழித்துத் தொலைக்காட்சியில் மக்களைப் பார்த்தும் மறுத்தார். ஓகஸ்ட்டில் தகாத உறவு இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. டிசம்பரில் பிரதிநிதிகள் சபை அவர்மீது குற்றப்பிரேரணை நிறைவேற்றிய அதே நாட்களில், கலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு 73 வீத ஆதரவு இருந்தது. செனட் சபையும் விடுவித்தது. மக்கள் மன்னித்தார்கள். ஆனால் சத்தியத்தின் பேரில் சொன்ன அந்தப் பதிலை நீதிமன்றம் விடவில்லை. 1999இல் நீதிமன்ற அவமதிப்பு என்று நீதிபதி தீர்ப்பளித்தார், 2001இல் அவருடைய சட்டத்தரணி உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு இடைநிறுத்தப்பட்டது.

சரி, அப்படியானால் பொதுமக்கள் கருத்துக்கு நீதிமன்றத்தில் இடமே இல்லையா? இருக்கிறது. பலர் கவனிக்காத இடம் 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், 14ஆம் பிரிவு. சந்தேகநபர் தலைமறைவாவார், சாட்சிகளில் கைவைப்பார் என்று கருதக் காரணம் இருந்தால் பிணையை மறுக்கலாம். அதோடு, குற்றத்தின் பாரதூரமும் அதற்கு மக்கள் காட்டும் எதிர்வினையும் பொது அமைதியின்மையை உண்டாக்கலாம் என்றாலும் மறுக்கலாம். 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவியின் படுகொலைக்குப் பிறகு யாழ். நீதிமன்றத் தொகுதிமீது கல் விழுந்ததையும், நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானதையும் கண்ட ஊர் இது. அது வேறு வகை வழக்கு, கோபமும் நியாயமானது. ஆனாலும் சனம் கூடுவதை இங்குள்ள எந்த நீதவானும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அதனால்தான் நீதிமன்ற வாசலில் ஆதரவாளர்களைக் கூட்டுவது எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. பலத்தைக் காட்டுவதாக நினைத்து, அமைதியின்மைக்கான சான்றை வழக்குத்தொடுநரின் கையில் நாமே கொடுக்கிறோம். பிணையில் வந்தவரைப் பட்டாசு கொளுத்தி, மாலை போட்டு, முறைப்பாடு செய்தவரின் வீட்டைத் தாண்டி ஊர்வலமாகக் கூட்டிப்போவது அதைவிட மோசம். அந்த வீட்டுக்காரர் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா? "கூப்பிட்டுக் கதைத்து முடிப்போம்" என்று சாட்சியின் உறவினருக்குத் தொலைபேசி எடுக்கும் நல்ல மனிதர்களும் இதே கணக்குத்தான். கிடைத்த பிணை இரத்தாகலாம்.

நீதிபதிகளைப் பற்றிப் பேசுவது பற்றி நீட்டத் தேவையில்லை. ரஞ்சன் ராமநாயக்க 2017இல் அலரி மாளிகைக்கு வெளியே ஊடகங்களிடம் நீதிபதிகளைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்துக்காக, 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நான்கு ஆண்டு கடூழியச் சிறை விதித்தது. நாடாளுமன்ற ஆசனமும் போனது.

எங்கள் மண்ணுக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. காசு பற்றிக் கேட்டால் இனம் பற்றிப் பதில் சொல்வது. "தமிழர் பிரதிநிதி என்பதால்தான் என்னைக் குறிவைக்கிறார்கள்" என்ற வார்த்தைக்கு இங்கே கனம் உண்டு. வருடக்கணக்கில் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். வீதி ஒப்பந்தத்தில் பில் சரியில்லை என்ற கேள்விக்கு மறைப்பாக அந்த வலியை எடுத்துப் போர்த்திக்கொள்வதை நான் மன்னிக்கமாட்டேன். நீதிமன்றத்திலும் அது உதவாது. உண்மையிலேயே பாரபட்சம் நடந்திருந்தால், யாரை விட்டுவிட்டார்கள், எந்தத் திகதியில், எந்தக் கடிதத்தில் என்று ஆவணமாகக் காட்ட வேண்டும்.

வீதியும் மன்றும் எவ்வளவு விலகி நிற்கும் என்பதை 2017இல் பார்த்தோம். வட மாகாண அமைச்சர்கள் மீதான விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு முதலமைச்சர் விக்னேஸ்வரனுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தபோது, அவருக்காகக் கடைகள் பூட்டப்பட்டன, சனம் திரண்டது. அதே ஆண்டு அமைச்சர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட டெனீஸ்வரன் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். 2018 ஜூனில் அந்த நீக்கத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. முதலமைச்சருக்கு அமைச்சரை நீக்கும் அதிகாரம் இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி. யாருக்கு எத்தனை பேர் திரண்டார்கள் என்று மன்று கேட்கவில்லை. இன்னொன்று: விசாரணைக் குழுவின் அறிக்கை தீர்ப்பு ஆகாது. அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை, குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் நிரபராதி என்கிறது. இதை எதிர்க்கட்சிக்காரரும் வட்ஸ்அப் குழு நடத்துபவர்களும் மறக்கிறார்கள்.

ஆனால் அதே உறுப்புரையை நம்பி வாயை மூடிக்கொண்டு இருந்துவிடவும் முடியாது. சில விஷயங்களை நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது வைக்கலாம் என்று அதுவே சேர்த்துச் சொல்கிறது. தெரிந்த வருமானத்துக்குள் வாங்கியிருக்க முடியாத சொத்தை இலஞ்சத்தால் வந்ததாகவே கொள்ளலாம், மறுப்பது உடையவர் பொறுப்பு என்று பழைய இலஞ்சச் சட்டத்தின் 23அ பிரிவு சொன்னது. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகு சொத்து விபரத்தில் அக்கறையீனமாக இருப்பது இன்னும் ஆபத்து.

யாழ்ப்பாணத்தில் இது எங்கே கடிக்கும் தெரியுமா? ரொறன்ரோவில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில் வீடு கட்டியிருப்பார். காசு வந்தது உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆட்கள் மூலம். துண்டு இல்லை, வங்கிப் பதிவு இல்லை. மனைவியின் சீதனக் காணியை விற்றிருப்பார், உறுதியில் எழுதிய விலை ஒன்று, கையில் வந்தது இன்னொன்று. நகை அடைவு வைத்த துண்டைக் கிழித்துப் போட்டிருப்பார். காசு நேர்மையாக வந்ததாகவே இருக்கலாம், ஆனால் காட்ட எதுவும் இல்லை. பதவிக்கு வந்த முதல் மாதமே தம்பியிடமிருந்து வங்கிக் கூற்றையும் ஒரு சத்தியக்கடதாசியையும் எடுத்து, உறுதிகளோடு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அழைப்பு வந்த பிறகு எழுதி வாங்கும் கடிதத்தின் திகதியைத்தான் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் பார்ப்பார்.