வீட்டில் நான் மட்டும் விசுவாசி என்றால்

பைபிளைத் திறந்தால் போதும், "இன்னிக்கு யாருக்குப் பிரசங்கம்?" என்று ஒரு குரல் வரும். பதினோரு வருடமாக இப்படித்தான். முதல் இரண்டு வருடத்தை நானே பாழாக்கிக்கொண்டேன். டிவியில் ஓடும் பாட்டு, யாரோ அடித்த ஜோக் என்று எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நின்றேன். பிறகு நிஜமாகவே முக்கியமான விஷயத்துக்கு வாய் திறந்தபோது, ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதனால் எதில் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். தானியேல் முதல் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தானியேலுக்கு பெல்தெஷாத்சார் என்று பேரை மாற்றினார்கள். அவர் சண்டை போட்டதாக எழுதியில்லை. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றுக்கொண்டார். ராஜாவின் போஜனத்தில் மட்டும்தான் கோடு கிழித்தார். அங்கேயும் தட்டைத் தள்ளிவிடவில்லை. அனுமதி கேட்டார். அரண்மனைப் பிரதானி ராஜாவுக்குப் பயந்தபோது, தங்களைக் கவனித்துக்கொண்ட மேல்ஷாரிடம் போய், மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பாரும் என்றார். மறுப்போடு மாற்று வழியும் கையில் இருந்தது. என் பட்டியலில் மூன்றே மூன்று: யாருக்காகவும் பொய் சொல்வதில்லை, ஞாயிறு ஆராதனையை விடுவதில்லை, ஆண்டவரைத் தெரியாதவள் போல் நடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைகளைச் சனி இரவே முடித்துவிடுவேன். குறை சொல்ல ஒரு காரணம் குறைந்தது.

ஜெபத்துக்கு, மத்தேயு 6:6 சொல்வதுபோல் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அது கோழைத்தனம் இல்லை. தலையணைக்கடியில் போனை வைப்ரேட்டில் வைத்து 4:50-க்கு எழுகிறேன். புத்தகத்தைப் பார்த்தாலே சச்சரவு வரும் நாட்களுக்கு மனப்பாடம்தான் கை கொடுக்கும். சங்கீதம் 121-ல் எட்டே வசனம். துணி காயப்போடும்போது ஒரு நாளைக்கு ஒரு வசனமாகப் படித்தேன். ஐந்தாவது வசனத்தை இன்றைக்கும் ஈரத் துணியை உதறும்போதுதான் சரளமாகச் சொல்ல வருகிறது.

கேலிக்கு என்ன பதில்? 1 பேதுரு 3:15-ல் உத்தரவு சொல்ல, அதாவது நம் நம்பிக்கையைப் பற்றிப் பதில் சொல்ல, ஆயத்தமாயிருங்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, அதுவும் சாந்தத்தோடு, என்பது நழுவிவிடும். குத்துவதற்காகக் கேட்பவர் விசாரிப்பவர் இல்லை. அவரிடம் "சரி" என்று சொல்லிவிட்டுத் துணி மடிப்பேன். நிஜமாகக் கேட்டால் இரண்டே வாக்கியம். மிச்சத்தை அவரே கேட்கட்டும்.

ஆனால் கை நீட்டினாலோ மிரட்டினாலோ பொறுத்துப் போகாதீர்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசுதான் (மத்தேயு 10:23).

கடைசியாக, ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். நான் ஒருவனே மீதி என்று புலம்பிய எலியா தீர்க்கதரிசிக்கு, இன்னும் 7000 பேர் உண்டு என்று பதில் வந்தது. ஆனால் கூடவே நடக்கக் கிடைத்தது அவருடைய சீடர் எலிசா ஒருவர்தான். எனக்கு ஒரு தோழி. வியாழன் இரவு போன் செய்வாள். பாதி நேரம் அவள் முட்டிவலியைப் பற்றித்தான் பேசுவோம், பிறகு ஜெபிப்போம்.