சென்சார் கிட்: எண் வந்துவிட்டால் வேலை முடிந்ததா?

டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரை முதன்முதலில் இணைத்தபோது எனக்கு சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் எண்களைக் கணினியில் காட்டும் திரையில்) 85.00 என்று வந்தது. அறை அப்படியொன்றும் கொதிக்கவில்லை. சென்சார் பழுது என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பை, படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மின்சாரம் கிடைத்தவுடன் அந்தச் சிப்புக்குள் இருக்கும் தொடக்க மதிப்பே 85 டிகிரிதான். 12 பிட் துல்லியத்தில் ஒருமுறை அளந்து முடிக்க அதற்கு 750 மில்லி விநாடி வரை பிடிக்கும். அது அளந்து முடிக்கும் முன்பே நான் மதிப்பைக் கேட்டிருக்கிறேன். இதே சென்சாருக்குப் பலரும் பயன்படுத்தும் லைப்ரரி (தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு) -127 என்று காட்டினால், சென்சாரிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். ஒயர் கழன்றிருக்கும், இல்லையென்றால் டேட்டா பின்னுக்கும் பாசிட்டிவுக்கும் நடுவே போட வேண்டிய 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் விடுபட்டிருக்கும்.

சென்சார் கிட்டோடு, அதாவது பல சென்சார்கள் ஒன்றாக வரும் தொகுப்போடு, பழகுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்குமேல் இங்கேதான் தொடங்குகின்றன என்பது என் அனுபவம். திரையில் ஏதோ ஒரு எண் வருகிறது, உடனே வேலை செய்கிறது என்று நம்பிவிடுகிறோம். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டின் அனலாக் பின்னில் (வோல்டேஜை எண்ணாக மாற்றிப் படிக்கும் பின்) எதையும் செருகாமல் படித்துப் பாருங்கள். அப்போதும் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும், கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் மாறவும் செய்யும். ஒயர் சரியாகப் பதியாத எல்டிஆர் என்ற ஒளி சென்சார்கூட ஒளியை அளப்பதுபோலவே தோன்றும். அதனால் இணைத்ததும் அளக்கப்படும் பொருளை நீங்களே மாற்றிப் பாருங்கள். எல்டிஆரை விரலால் மூடுங்கள். நீர் புகாத உறை போட்ட வெப்பநிலை சென்சாரை ஐஸ்கட்டி நிறைந்த தண்ணீரில் வையுங்கள். சுழியை ஒட்டி வர வேண்டும்.

அடுத்தது வோல்டேஜ். கிட்களில் வரும் மாட்யூல்கள் பல 5 வோல்ட் ஊனோவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை ஆகிய போர்டுகளின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. தூரம் அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சாரை 5 வோல்ட்டில் இயக்கினால் அதன் எக்கோ பின்னும் 5 வோல்ட்டைத்தான் வெளியே தரும். அதை நேராக இஎஸ்பி32-இல் செருகினால் சில நாள் ஓடினாலும் ஓடும். ஓடுகிறதே என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. பின் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டே ரெசிஸ்டர் போதும். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் சுமார் 3.3 வோல்ட் கிடைக்கும். அங்கிருந்து போர்டுக்கு ஒயர் எடுங்கள். ராஸ்பெர்ரி பையில் அனலாக் உள்ளீடே கிடையாது என்பதையும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

5 வோல்ட் என்று போட்டிருப்பது எப்போதும் 5 வோல்ட்டாக இருக்காது. யுஎஸ்பி கேபிள் வழியாக வருவது 4.7 ஆகவும் இருக்கலாம். எல்எம்35 வெப்பநிலை சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது, படிக்கு ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். ஆக ஒரு படி தவறினாலே அரை டிகிரி போய்விடும். கணக்கில் 5 என்று எழுதிவிட்டு உண்மையில் 4.7 வந்துகொண்டிருந்தால், 30 டிகிரி அறை கிட்டத்தட்ட 32 என்று காட்டும். மல்டிமீட்டரில் அளந்து வரும் மதிப்பைக் கணக்கில் போடுங்கள், அல்லது ஊனோவுக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸைப் பயன்படுத்துங்கள்.

ஒயர் மாட்டும்போது இணையத்தில் பார்த்த படத்தை நம்பாதீர்கள். வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் மூன்று பின் டிஹெச்டி11 மாட்யூல்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பின் வரிசை மட்டும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். போர்டில் அச்சிட்டிருப்பதைப் படித்து மாட்டுங்கள். மின்சாரம் கொடுத்ததும் விரலால் தொட்டுப் பாருங்கள்; சுட்டால் உடனே கழற்றிவிடுங்கள். தனி பேட்டரியில் ஓடும் பாகம் இருந்தால் அதன் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர வேண்டும். செர்வோ மோட்டாரைப் போர்டின் 5 வோல்ட் பின்னில் ஓட்டாதீர்கள். அது திரும்பும்போது போர்டு ரீசெட் ஆகலாம், நீங்களோ கோடில் தவறு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மண் ஈரப்பத சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முள்கரண்டி போல இரண்டு காலோடு வருவதை ஈரமண்ணில் குத்தி, நாள் முழுக்க மின்சாரத்திலேயே வைத்திருப்பார்கள். சில வாரம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு கால் மட்டும் கருத்து, பூச்சு உரிந்து, தாமிரம் பச்சை பிடித்து அரித்திருக்கும். ஈரமண்ணில் ஒரே திசையில் மின்னோட்டம் போய்க்கொண்டே இருப்பதால் நடக்கும் மின்னாற்பகுப்பு இது. கால் அரிக்க அரிக்க அளவும் நகர்ந்துகொண்டே போகும், செடிக்குத் தண்ணீர் தப்புத்தப்பாகப் போகும். சென்சாரின் பாசிட்டிவை ஒரு டிஜிட்டல் பின்னில் கொடுத்து, அளக்கும் சில நொடி மட்டும் அதை ஹை ஆக்கினால் (அதாவது மின்சாரம் கொடுத்தால்) ஆயுள் நன்றாகவே நீளும். நெடுநாள் வைக்கப்போகிறீர்கள் என்றால் உலோகம் மண்ணைத் தொடாத கெப்பாசிடிவ் வகையை வாங்குங்கள்.

எம்க்யூ வரிசை வாயு சென்சார்களுக்குள் ஒரு சிறு ஹீட்டர் இருக்கிறது. அது சுமார் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். புதிதாக வாங்கியதை 24 மணி நேரத்துக்குமேல் சூடேற்றச் சொல்கிறது டேட்டாஷீட். இணைத்த ஐந்தாவது நிமிடத்தில் வரும் அளவுக்குப் பொருளில்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: வீட்டில் எரிவாயுக் கசிவையோ தீயையோ கண்டுபிடிக்க இந்தக் கிட் சென்சார்களை நம்பி இருக்காதீர்கள். கற்றுக்கொள்ள இவை அருமையானவை. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சான்று பெற்ற அலாரம்தான் இருக்க வேண்டும். ரிலே மாட்யூலும் (போர்டு இயக்கும் சுவிட்ச்) அப்படியே. அனுபவம் வரும்வரை வீட்டு மின்சாரத்தை அதில் கொண்டுவராதீர்கள்.

கோடு பக்கம் வந்தால், அளவுக்கு மீறி அடிக்கடி கேட்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. டிஹெச்டி11-ஐ நொடிக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது, டிஹெச்டி22-ஐ இரண்டு நொடிக்கு ஒருமுறை.

பல மாட்யூல்களை ஒரே ஐ2சி இணைப்பில் (ஒரே இரண்டு ஒயரில் பல சிப்கள் தனித்தனி முகவரி எண்ணோடு பேசும் முறை) போடுவதாக இருந்தால் முகவரியைக் கவனியுங்கள். எம்பியு6050 அசைவு சென்சார், டிஎஸ்3231 கடிகாரம் இரண்டுக்குமே ஹெக்ஸ் (16 அடிமான எண்முறை) 68தான் முகவரி. தனித்தனியாக ஓடும், சேர்த்து மாட்டினால் குழம்பும். எம்பியு6050-இன் ஏடி0 பின்னை ஹை ஆக்கினால் அது 69-க்கு மாறிக்கொள்ளும். எதையும் எழுதுமுன் ஐ2சி ஸ்கேனர் நிரலை ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு மாட்யூல் மாட்டி ஒரே முகவரி வந்தால் காரணம் தெரிந்துவிடும். வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் அளக்கும் பிஎம்இ280 என்று வாங்கியது ஈரப்பதம் மட்டும் தர மறுக்கிறதா? அதன் சிப் ஐடியைப் படித்துப் பாருங்கள். ஹெக்ஸ் 60 வந்தால் அது பிஎம்இ280. 58 வந்தால் கையில் இருப்பது பிஎம்பி280. அதில் ஈரப்பத சென்சாரே கிடையாது.