மேட்டூர் திறக்கும்போது துபாயில் கதவைச் சாத்துவார்கள்: புதிதாகப் போகிறவர்களுக்கு

என் சித்தி மகன் அடுத்த மாதம் துபாய் போகிறான். நேற்று ராத்திரி மன்னார்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்டான், "அண்ணே, வேலை சரி, சம்பளம் சரி, லீவு நாள்ல அங்க என்னண்ணே பண்றது?" நல்ல கேள்வி. விசா, மெடிக்கல், பெட் ஸ்பேஸ் (அறையில் ஒரு கட்டில் இடம்) வாடகை பற்றியெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒன்பது வருஷம் அங்கே குப்பை கொட்டிவிட்டு லீவில் வந்திருக்கிறேன், அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம்காரர்களுக்கு இதெல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம், அவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நம்மூரில் பொழுது போக்குவதற்கு யாரும் திட்டம் போடுவதில்லை. டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தால் யாராவது வந்து சேருவார்கள், ஹரித்ராநதிக் கரையை ஒரு சுற்று சுற்றினால் நாலு பேர் கூப்பிடுவார்கள், பங்குனி வந்தால் ராஜகோபாலசாமிக்குப் பதினெட்டு நாள் திருவிழா. எல்லாம் தானாக வரும். துபாயில் எதுவும் தானாக வராது. நீங்கள் கிளம்பாவிட்டால் கட்டில், ஏசி, போன், இவ்வளவுதான் லீவு நாள். சாயந்திரம் ஆறு மணிக்குத் தலைவலியோடு எழுந்து உட்காரும்போது வாரத்துக்குக் கிடைத்த ஒரே ஒரு நாளும் போய்விட்டிருக்கும். என் முதல் நான்கு மாதம் முழுக்க இப்படித்தான் போனது.

முதல் வேலை, காலண்டரைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்வது. இங்கே ஜூன் 12 மேட்டூர் திறந்தால் சந்தோஷம், ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் கூட்டம், ஐப்பசி அடைமழையில்தான் வீட்டுக்குள் முடங்குவோம். அங்கே நேர் எதிர். அதே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிறது, வெயில் எப்படியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறக்கிற சமயத்தில் காற்று மாறும், அதிலிருந்து சித்திரை வரைக்கும் ஊரே வெளியில்தான் கிடக்கும். அக்டோபரில் போய் இறங்குகிறவன் கொடுத்துவைத்தவன். மே, ஜூனில் இறங்குகிறவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான், முதல் நாலு மாதத்தை வைத்து அந்த ஊர் ஆகாது என்று முடிவுகட்டாதீர்கள்.

"வெயில் என்ன நமக்குப் புதுசா, கத்திரியிலயே களத்துமேட்டுல நின்னவன்" என்ற பேச்சு வேண்டாம். நானும் அப்படித்தான் சொன்னேன். போன புதிதில் ஒரு ஜூலை மாதம், நாலு மணிக்கு மெட்ரோவை விட்டு இறங்கி, மேப்பில் 22 நிமிஷ நடை என்று காட்டியதை நம்பி நடந்தேன். கதவைத் தாண்டியதுமே மூக்குக்கண்ணாடி முழுக்கப் புகை படிந்த மாதிரி நீர் பூத்துவிட்டது, துடைக்கத் துடைக்கப் பூத்தது. கடல் ஈரத்தோடு சேர்ந்த 44 டிகிரி வேறு ஜாதி வெயில், வியர்வை காயவே காயாது. பத்தாவது நிமிஷத்தில் காது அடைத்து, ஒரு சலவைக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெஷாவர்க்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் பிரிட்ஜிலிருந்து லபன் எடுத்துக் கையில் வைத்தார். லபன் வேறொன்றுமில்லை, நம்ம மோர்தான், பெருங்காயமும் கறிவேப்பிலையும் மட்டும் இல்லாமல். வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள், வெயிலுக்கு அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது.

இன்னொன்று, கோடையில் குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும், மொட்டைமாடித் தொட்டி அப்படிக் காயும். அதனால் மே மாதமே ஹீட்டரை அணைத்துவிட்டு, ஹீட்டர் குழாய் வழியாக வரும் தண்ணீரில் குளியுங்கள். அது ஏசி வீட்டுக்குள் தேங்கி நிற்கிற தண்ணீர், கொஞ்சம் ஆறியிருக்கும்.

சரி, கோடையில் என்ன செய்யலாம்? நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், இடங்களும் தானாக மாறிவிடும். அதிகாலை ஐந்தரைக்கு அரைமணி நேர நடை, இல்லாவிட்டால் ராத்திரி பத்துக்கு மேல். ஜுமைராவிலும் உம் சுகீமிலும் ராத்திரிக் குளியலுக்கென்றே விளக்குப் போட்ட கடற்கரைகளை 2023ல் திறந்தார்கள், உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். ஆகஸ்டில் கடல்நீர் வெந்நீர் மாதிரிதான் இருக்கும், ஆனாலும் தண்ணீரில் இறங்காமல் இருக்க முடியாத ஊர்க்காரர்கள் நாம். பகலில் மால்கள் உண்டு. வாங்குவதற்குப் போகாதீர்கள், நடக்கப் போங்கள். காலையில் கடைகள் திறக்கும் முன்னால் ஷூ மாட்டிக்கொண்டு மாலுக்குள் விறுவிறுவென்று நடக்கிற கூட்டத்தைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த வருஷம் நானே அதில் ஒருவன்.

எனக்குப் பிடித்த கோடை இடம் அல் ஜதாஃபில் இருக்கும் முகமது பின் ராஷித் நூலகம். 2022ல் திறந்தது, குர்ஆன் ஓதும்போது விரித்து வைக்கிற மரப் பலகை வடிவில் ஏழு மாடி, அனுமதி இலவசம், மெட்ரோ பச்சை லைனில் கிரீக் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம். திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். படிக்கிற பழக்கம் இல்லையென்றாலும் பரவாயில்லை, ஏதாவது பரீட்சைக்கோ சர்டிபிகேட்டுக்கோ தயார் செய்ய அறையில் எட்டுப் பேர் கூச்சலைவிட அது எவ்வளவோ மேல். மெட்ரோ, பஸ்ஸுக்குக் காசு போட்டு வைக்கிற நோல் கார்டு, அதில் சில்வர் வகை போதும், ஒரு மண்டலத்துக்குள் 3 திர்ஹம், எவ்வளவு தூரம் போனாலும் 7.50தான். பெண்கள் பெட்டியில் தெரியாமல் ஏறிவிடாதீர்கள், வண்டிக்குள் எதையும் தின்னாதீர்கள், இரண்டுக்கும் அபராதம் 100 திர்ஹம். ரோட்டைக் கண்ட இடத்தில் கடந்தால் 400. அன்றைக்கு மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு.

இடத்தைவிட முக்கியம் ஆள். இதுதான் நான் சொல்ல வந்ததே. வாரம் ஒருமுறை, அதே நேரம், அதே இடம், நீங்கள் வராவிட்டால் "எங்கடா ஆளைக் காணோம்" என்று போன் போட்டுக் கேட்கிற மாதிரி ஒரு கூட்டத்தை முதல் இரண்டு மாதத்துக்குள் பிடித்துவிடுங்கள். அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். என்னுடையது கிரிக்கெட், லீவு நாள் காலை ஆறு மணிக்கு கார் நிறுத்துகிற காலி மணல்வெளியில், டென்னிஸ் பந்து, கல் ஸ்டம்ப். எனக்குப் பந்து பிடிக்கவே வராது, இருந்தாலும் ஸ்கோர் எழுத ஓர் ஆள் வேண்டுமே. அந்த நோட்டுப் புத்தகம் ஐந்து வருஷம் என் கையில்தான் இருந்தது, அங்கே பழகிய திருத்துறைப்பூண்டிப் பையன் மூலமாகத்தான் இப்போதைய வேலையும் கிடைத்தது. கிரிக்கெட் வேண்டாமென்றால் பேட்மிண்டன், நடைக் கூட்டம், பட்டிமன்றம் நடத்துகிற தமிழ்ச் சங்கம், எது உங்களுக்கு ஒத்துவருமோ அது.

சாமி கும்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். ஜெபல் அலியில் 2022 அக்டோபரில் திறந்த இந்துக் கோயில், அதே வட்டாரத்திலேயே குருத்வாரா, அங்கே யார் போனாலும் லங்கர் என்கிற இலவசச் சாப்பாடு உண்டு. அபுதாபி போகிற வழியில் அபு முரைக்காவில் 2024 பிப்ரவரியில் திறந்த பெரிய கல் கோயில். வேளாங்கண்ணிக்கு நடந்தே போன கால்களுக்கு ஊத் மேத்தா செயின்ட் மேரிஸில் தமிழ்த் திருப்பலி. நோன்பு மாதத்தில் தேராவில் நம்மூர் நோன்புக்கஞ்சி கிடைக்கும், நாகூர்க் கஞ்சிக்கு ஈடாகுமா என்று என்னைக் கேட்காதீர்கள், பழகியவர்களைக் கேளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஊர்ப் பழக்கத்தில் "கோயில் கும்பாபிஷேகம், ஆளுக்கு நூறு திர்ஹம் போடுங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் வசூல் ஆரம்பித்துவிடாதீர்கள். அனுமதியில்லாமல் நன்கொடை திரட்டுவது அங்கே குற்றம். கேட்காமல் அடுத்தவரைப் படம் பிடித்துப் போடுவதும் அப்படியே.

இப்போது நல்ல காலத்துக்கு வருவோம், அக்டோபர் கடைசியிலிருந்து. கோடிக்கரையில் பூநாரை பார்த்திருக்கிறீர்களா? அதே பறவை துபாய் நகரத்துக்கு உள்ளேயே நிற்கும். ஊருக்குள் நுழைகிற கடல் கழிதான் கிரீக், அது முடிகிற இடத்தில் ராஸ் அல் கோர் என்ற சதுப்பு நிலம், கோடிக்கரை 2002லும் இது 2007லும் உலகின் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. மரத்தடுப்புக்குப் பின்னால் தொலைநோக்கி வைத்திருப்பார்கள், காசு கிடையாது. முன்னால் வெளிர்ச்சிவப்பாகக் கூட்டம் கூட்டமாகப் பறவை, பின்னால் புர்ஜ் கலீபா. பார்க்கப் பார்க்க நம்பவே முடியாது. போனை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

அடுத்தது முஷ்ரிஃப் பூங்கா. அங்கே காட்டு மரமாக நிற்கிற காஃப், அந்த நாட்டின் தேசிய மரம், வேறெதுவுமில்லை, நம்ம வன்னி. கும்பகோணம் கும்பேஸ்வரர் கோயில் தல விருட்சம் எதுவோ அதேதான். முதலில் பார்த்தபோது வேலிக்கருவை என்று நினைத்து முகம் சுளித்தேன், நெருங்கிப் போய் இலையைப் பார்த்ததும்தான் அடையாளம் தெரிந்தது.

ஒரே ஒரு வெளியூர்ப் பயணம்தான் போக முடியும் என்றால், டெல்டாக்காரன் அல் ஐன் போகவேண்டும். துபாய் அல் குபைபாவில் பஸ் கிடைக்கும். ஊர் நடுவில் ஒரு பேரீச்சந்தோப்பு, ஒரு லட்சத்துக்கு மேல் மரம், உள்ளே நடக்கக் காசில்லை, 2011ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நான் மரத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். ஃபலஜ் என்று சொல்கிற வாய்க்கால், மலைப்பக்கத்து நிலத்தடித் தண்ணீரைச் சரிவிலேயே கொண்டுவந்து, தோப்புக்குள் ஒரு முழ அகலக் கால்வாய்களாகப் பிரித்து விடுகிறார்கள். இந்தத் தோப்புக்கு இவ்வளவு நேரம், அந்தத் தோப்புக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்துத்தான் பாய்ச்சல். பேரீச்சைக்குக் கீழே மாமரம், வாழை. ஓரிடத்தில் மடை அடைபட்டிருந்தது, கடைமடைச் சண்டை இங்கேயும் உண்டா என்று அங்கே வேலை பார்த்த வங்காளதேசத்துக்காரரிடம் கேட்டேன், அவருக்கு என் இந்தி புரியவில்லை, சிரித்துவிட்டு மண்வெட்டியால் ஒரு கட்டி மண்ணை ஒதுக்கினார். தண்ணீர் ஓடிய சத்தத்தில் எனக்குப் பாமணி ஆற்று வாய்க்கால் ஞாபகம் வந்துவிட்டது.

நவம்பரில் ஷார்ஜா புத்தகக் கண்காட்சி, எக்ஸ்போ சென்டரில், 1982லிருந்து நடக்கிறது, நுழைவு இலவசம், தமிழ்ப் பதிப்பாளர்களும் கடை போடுகிறார்கள். பாலைவன சஃபாரி ஒருமுறை போதும். புர்ஜ் கலீபா மேலே ஏற முதல் வருஷ சம்பளத்தில் டிக்கெட் எடுக்காதீர்கள், 828 மீட்டரும் கீழேயிருந்து பார்த்தாலே தெரியும். குளோபல் வில்லேஜ் என்கிற பெரிய பொருட்காட்சியைக் குடும்பம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

குடும்பம் என்றதும் ஒன்று. கூட வருகிற மனைவி கதி இன்னும் கஷ்டம், உங்களுக்காவது அலுவலகம் இருக்கிறது. பூங்காக்களில் பெண்களுக்கென்று தனி நாட்கள் உண்டு, விசாரித்து வையுங்கள். மாடியில் எந்தெந்தக் கதவில் தமிழ்க் கோலம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவைத்தால், நவராத்திரிக்குள் நாலு வீடு பழகிவிடும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று தம்பி விடாமல் கேட்டான். இதோ. பனியாஸ் ஸ்கொயரில் இறங்கி மசாலாக் கடைத்தெரு வழியாகக் கிரீக் கரைக்கு நட. ஆப்ரா படகில் ஏறு, ஒரு திர்ஹம்தான், படகோட்டி நடுவழியில் கையை நீட்டுவார், சில்லறையாக வைத்துக்கொள். அக்கரையில் துணிக்கடைகள், மீனா பஜார், எதையும் வாங்காமல் பார். மதியம் கராமா போய்விடு, தேடினால் வாழை இலை போட்டு முழுச்சாப்பாடு கிடைக்கும். ரசத்தை மட்டும் குறை சொல்லாமல் குடி.